உணவகங்களின் தரத்தை வாசலில் ஒட்டுங்கள்



வவுனியாவில் எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று இப்போது யாரும் ஆளிடம் கேட்பதில்லை, கைத்தொலைபேசியில்தான் தேடுகிறார்கள். கூகுள் வரைபடமா, ட்ரிப் அட்வைசரா, எந்தச் செயலி நம்பகமானது என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வாதாடுகிறார்கள். ஏ9 வீதியில் மன்னார் வீதியும் ஹொரவப்பொத்தானை வீதியும் வந்து சேரும் ஊர் இது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகிறவர்கள் பசியோடு இறங்குகிறார்கள். கடைகளின் நன்மை தின்மை தெரியாததால் நட்சத்திரத்தைப் பார்த்து உள்ளே நுழைகிறார்கள்.

அந்த நட்சத்திரத்தைப் போடுவது யார்? 2017இல் லண்டன் டல்விச் பகுதியில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் வீட்டுக் கொட்டிலை உணவகம் என்று ட்ரிப் அட்வைசரில் பதிந்தார். தெரிந்தவர்களைக் கொண்டு பொய் விமர்சனங்கள் எழுதுவித்தார். ஒருவருக்கும் சோறு போடாத அந்தக் கொட்டில் லண்டன் உணவகங்களில் முதலாம் இடத்துக்கு ஏறியது. 2023இல் மட்டும் விதிமீறிய 170 மில்லியனுக்கும் அதிகமான விமர்சனங்களைத் தடுத்தோ நீக்கியோ இருப்பதாகக் கூகுள் நிறுவனமே அறிவித்தது. செயலியை மாற்றினால் இது தீருமா? நேர்மையாக எழுதுபவரும் ருசியையும் விலையையும்தானே எழுதுவார். குசினிக்குள் அவரை யார் விடுவார்கள்?

அண்மையில் உறவினர்களோடு நான் போன ஒரு கடைக்குச் செயலியில் நாலரை நட்சத்திரம். கை கழுவப் பின்பக்கம் போனேன். ஒரே வாளித் தண்ணீரில் கோப்பைகளை முக்கி முக்கி எடுத்து அடுக்கினார்கள். தண்ணீர் கறுத்து, மேலே எண்ணெய் படர்ந்திருந்தது. கொத்துரொட்டிக்கு வெட்டிய கோவா மூடாமல் கிடந்தது, ஈ மொய்த்தபடி. எங்களோடு வந்த சின்னப் பிள்ளைகள் முன்னால் அதே கொத்துக்குக் காத்திருந்தார்கள். எழும்பி வந்துவிட்டோம். எழும்பாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்!

குசினிக்குள் போக அதிகாரம் உள்ளவர்கள் நாட்டில் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் எச் 800 படிவத்தில் புள்ளியிட்டு உணவகங்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்கிறார்கள். நீர், கழிவு, சமைப்பவரின் சுகாதாரம், உணவை வைக்கும் விதம் எல்லாம் பார்த்துப் போடும் தரம் அது. ஆனால் நான் சாப்பிடப் போகும் கடைகளின் வாசலில் அதைக் கண்டதில்லை. காசு கொடுத்துச் சாப்பிடுகிற சனத்துக்குத் தெரியாத தரம் யாருக்காக? இதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

வேல்ஸில் 2013 முதல் உணவகங்கள் தம் சுகாதாரப் புள்ளியை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும். பூச்சியம் கிடைத்தாலும் ஒட்ட வேண்டும். நியூயோர்க்கில் 2010 முதல் ஏ, பி, சி எழுத்துகள் கண்ணாடியில் தொங்குகின்றன. எங்கள் கடைக்காரர் இதற்கு ஏன் அஞ்ச வேண்டும்? பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகத்தில் எங்கள் கண் முன்னேதான் தோசை சுட்டுத் தருகிறார்கள். படம் எடுத்துப் போடவும் விமர்சனம் எழுதுவிக்கவும் ஆளில்லாத, ஆனால் துப்புரவாகச் சமைக்கிற சிறு கடைகளுக்கு ஏ என்ற ஒற்றை எழுத்து பெரிய விளம்பரம்.

வியாபார அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது, தரத்தையும் பரிசோதித்த திகதியையும் வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுவதை மாநகர சபை கட்டாயமாக்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அந்தப் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். சி, டி பெற்ற கடைகளுக்குத் திருந்தத் தவணை கொடுத்து மறுபடி பரிசோதிக்கட்டும். அந்தத் தவணை முடியும் நாளும் அதே அட்டையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
குருமன்காடு, வவுனியா.