என் அம்மா உருவகம் அல்ல

என் பிள்ளைகளே, சொந்தங்களே, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் அம்மாவைத் தூணோரம் உட்கார வைத்துவிட்டு, சுண்டல் வாங்க வரிசையில் நின்றேன். பத்தடி தூரம்தான். மறுநாள் ஒரு படம் சுற்றுகிறது. கறுப்பு வெள்ளையில் அம்மா. கீழே ‘கைவிடப்பட்ட முதுமை’ என்று தலைப்பு. திருச்சியிலிருந்து சித்தி போன் போட்டு, “அக்காவை எங்கடி விட்ட?” என்று அழுகிறார்.

‘கவித்துவமான படம்’ என்று பாராட்டியவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. அதனால் எட்டாம் வகுப்புப் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டியிருக்கிறது. மதிமுகம் உவமை, முகமதி உருவகம். பாட்டில் வரும் அந்த முகம் யாருடையது என்று எவரும் தேடப் போவதில்லை. போட்டோவில் அப்படியில்லை. அங்கே உருவகம் ஏறி உட்காருவது உயிரோடு இருக்கும் ஒருத்தியின் முகத்தில்.

1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் டொரோதியா லாங்கே எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். கன்னத்தருகே கை, இரு தோளிலும் முகம் புதைத்த பிள்ளைகள். அமெரிக்கப் பெருமந்தத்தின் வறுமைக்கே அவர் உருவகம் ஆனார். அப்போது அவருக்கு 32 வயது. லாங்கே பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளியே வர 1978 ஆயிற்று. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அந்த அம்மா மனம் நொந்து சொன்னார். படம் வந்த பிறகு முகாமுக்கு உணவு போனது, மறுக்கவில்லை. அதற்குள் அவர் குடும்பம் வேறிடம் போய்விட்டது.

நம் பழைய புலவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். (இது உங்கள் பாடத்தில் இல்லை.) அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். தலைவனின் ஒழுக்கக்கேட்டைத் தாமரை மேயும் எருமையின் மேல் ஏற்றிச் சொல்லிவிடுவார்கள். உள்ளுறை என்று பெயர். தனிமையைக் காட்ட ஆசையா? வெறும் திண்ணையை எடு, தேய்ந்த செருப்பை எடு. ஆகுபெயர் போல, செருப்பே ஆளைச் சொல்லும்.

படம் எடுத்த தம்பி யாரென்று தெரிந்துவிட்டது. நம் பள்ளிப் பிள்ளைதான். படம் இருக்கட்டும்பா, அம்மா அதில் அழகாகத்தான் இருக்கிறார். தலைப்பை மட்டும் எடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அம்மா பேரை அவரிடமே கேட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போ.