நிற்பது வேறு, பேசுவது வேறு

"சேர்வராயன் மலையில் மே மாதம் நடக்கும் சேர்வராயன் சாமி திருவிழாவில் எல்லோரும் கலந்துதானே நிற்கிறார்கள்? மலைக்காரரும் நாமும் பேச நல்லிணக்கக் கூட்டம் தனியாக எதற்கு?" என்கிறார் நண்பர். நிற்பது வேறு, உட்கார்ந்து பேசுவது வேறு. குகைக் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு மதியமே காரில் சமவெளிக்கு இறங்கிவிடுகிறோம். அந்தச் சாமியைக் கொண்டாடும் மலையாளிப் பழங்குடியினரை, "கேரளாவா?" என்று கேட்கிறோம்! 1820களில் அந்த மலைக்கு வந்த காப்பியின் கதை தெரியும். அதற்கும் முன்பே அங்கே சாமை விதைத்தவர்களின் கதை தெரியாது.

கூடி உட்கார்வது அற்பமா? அப்படியானால் 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்களுக்குச் சாதி பார்த்துப் பந்தி பிரித்தது தமிழகக் காங்கிரசையே ஏன் உலுக்கியது?

கூட்டம் கட்டாயம் வேண்டும். ஆனால் மைக் முதலில் மலைக்காரர் கைக்குப் போகட்டும், நாம் கேட்போம்.