சுவரில் சான்றிதழ், இயந்திரத்தின் அடியில் கரப்பான்

எங்கள் குடும்பத்தின் பேக்கரியில் நான்கு ஆண்டுகளாகப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியைச் செய்துவந்த நிறுவனத்தைச் சென்ற ரமளானுக்கு முன்பு மாற்றினோம். மாதந்தோறும் ஒருவர் வருவார். கால் மணி நேரம் மருந்து தெளிப்பார். கையொப்பம் பெற்றுச் செல்வார். சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மாவு பிசையும் இயந்திரத்தின் அடியில் கரப்பான்கள் குடியிருந்தன.

குறை அந்நிறுவனத்தின் மீது மட்டுமே என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டறிந்த நிகழ்ச்சியை ஜும்ஆ உரைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! நாங்களோ அந்த இயந்திரத்தை ஒரு நாளும் நகர்த்திப் பார்க்கவில்லை. ஹலால் என்ற சொல்லை நம்பி வருபவருக்கு நம் அடுப்படி தெரியாது. இறைச்சி எங்கிருந்து வந்தது என்று துருவிக் கேட்கும் நாம், தூய்மையை மட்டும் ஒரு தாளிடம் ஒப்படைத்துவிடுகிறோம்.

எனவே, நிறுவனத்தை மாற்ற எண்ணும் வணிகச் சகோதரர்கள் கட்டணத்தைக் கேட்குமுன், வருபவர் எதைப் பார்க்கிறார் என்று கவனிக்க வேண்டும். பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன் கீழ் உரிமம் உண்டா என்பதையும் கேளுங்கள். டார்ச் விளக்குடன் குனிந்து கதவடி இடைவெளியைப் பார்ப்பவர் வேலை தெரிந்தவர். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் துளையே போதும். சமையற்கூடங்களில் மிகுதியாகக் காணப்படும் ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். தெளிக்கும் மருந்து அதனுள் எளிதில் எட்டுவதில்லை. ஆகவே மறுவருகையின்றி இப்பணி முடியாது. "தேவைப்பட்டால் அழையுங்கள்" என்ற ஒருவரை நாங்கள் அப்போதே அனுப்பிவிட்டோம்.

புதியவர்கள் ஜெல் இரை வைத்த மறுநாளே எங்கள் பணியாளர் ஒருவர் பழக்கத்தினால் அதன் மேலேயே மருந்தடித்துவிட்டார். அவ்வாறு மருந்து பட்ட இரையைக் கரப்பான்கள் தவிர்த்துவிடும். ஒரு வாரம் வீணாயிற்று. பணியாளரிடம் முன்பே சொல்லாதது எங்கள் தவறு.

பழைய ஒப்பந்தத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு என்று எழுதியிருந்தது. "வேலையே செய்யாதவருக்கு எதற்குக் காக்கா பணம்?" என்றார் தம்பி. கோபம் நியாயமானதுதான். ஆயினும் உடன்படிக்கையை நிறைவேற்றுவது நம் மீது கடமையல்லவா? அம்மாதத் தொகையைக் கொடுத்தே அனுப்பினோம். எங்கே தவறினார்கள் என்பதையும் எழுதிக் கொடுத்தோம்.

இயந்திரத்தை இப்போது வாரம் ஒருமுறை நகர்த்துகிறோம். அதற்கு மூன்று பேர் வேண்டியிருக்கிறது.