சிரிப்பானும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும்

கொடைக்கானலில் காலங்கார்த்தாலே புதருக்குள்ளிருந்து ஒரு கூட்டம் நம்மைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரிப்பது போல் கேட்டால் கோபித்துக் கொள்ளாதீர்கள். சிரிப்பான் என்கிற குருவி அது. வெள்ளைப் புருவம், சாம்பல் நெஞ்சு, செம்பழுப்பு வயிறு. உள்ளூர்க்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "அது கெடக்கு சார், எப்பவும் கத்திக்கிட்டே இருக்கும்!"

இதற்கு நேர் எதிர் கேஸ் ஒன்று, கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டினால் மேகமலையில். 1948-ல் அங்கே ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத்து துரை பழந்தின்னி வௌவால் ஒன்றைப் பிடித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அதைச் சாதாரண வௌவால் கணக்கில் எழுதி டிராயரில் போட்டுவிட்டார்கள். (நான் படித்த பி.காமில் இதற்கு, தப்பான தலைப்பில் பதிவு என்று பெயர். மார்க் போய்விடும்.)

1972-ல் தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா அதைப் புரட்டிப் பார்த்தார். வால் இல்லை. மேலேயும் கீழேயும் ஒரே ஒரு ஜோடி முன்பல். உலகத்துக்கே புது வௌவால்! பறவை மனிதர் சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். ஆனால், இருந்தது அந்த ஒரே ஒரு பாடம் பண்ணின உடம்பு. இனமே போயிடுச்சோ என்று பயம். சாலிம் அலி 1987-ல் காலமானார். வௌவால் 1993-ல் மறுபடி மேகமலையில் உயிரோடு அகப்பட்டது. ஆறு வருஷம் லேட்.

அதே 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காக்காயோடு சேர்த்துத் தொல்லைப் பிராணி லிஸ்டில் வைத்திருந்தது. பிற்பாடு சாலிம் அலி வௌவாலுக்கு மட்டும் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் சீட். 2022 திருத்தத்தில் தொல்லை லிஸ்டையே தூக்கிவிட்டார்கள்.

சரி, நம்ம சிரிப்பான்? பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, அச்சன்கோவில் கணவாய்க்கு வடக்கே உள்ள உயரமான மலைகளை விட்டால் பூமியில் வேறெங்கும் கிடையாது. 1869-ல் பழனி மலையிலிருந்து போன குருவியை வைத்துத்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். 'சாதாரணம்' என்கிற பதிவு கொடைக்கானல் லெட்ஜரில் மட்டும்தான் செல்லும். கீழே சூடு ஏறினால் சமவெளிக் குருவி மலைக்கு வரலாம். ஏற்கனவே உச்சியில் இருப்பது எங்கே போகும்?

வௌவாலைப் பார்க்க ராத்திரியில் வலை கட்டிக் காத்திருக்க வேண்டும். இதற்கு அந்த வம்பெல்லாம் இல்லை. விடுதி வேலியோரம் காபி டம்ளரோடு நின்றால் போதும்.