கருவி கொடுத்தால் போதுமா?

ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணம் நம் சங்கத்து அன்பர்கள் எல்லோருக்கும் உண்டு. படித்த கல்லூரிக்குக் கணிப்பொறி, டேப்லெட், புரொஜெக்டர் என்று வாங்கிக் கொடுக்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அவற்றைக் கையாளப்போகும் ஆசிரியருக்கு யார் கற்றுக்கொடுப்பது என்று நாம் கேட்பதில்லை.

சத்தியவேட்டை எண்ணிப் பாருங்கள். 1960 ஏப்ரல் 1-இல் எல்லைகள் மாற்றப்பட்டபோது, திருத்தணி நம் பக்கம் வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் வடகோடிக் கிராமங்கள் பல ஆந்திரத்துக்குப் போயின. அப்படிப் போன பகுதிதான் சத்தியவேடு. இன்றும் அங்கே பல வீடுகளில் தமிழ்தான் பேச்சு. கல்லூரியில் காலடி வைத்தால் பாடநூல் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ இருக்கும். பக்கத்து ஸ்ரீசிட்டியில் 2013 முதல் தகவல் தொழில்நுட்பக் கழகமே நடக்கிறது. சுற்றுப்புறத்து ஏழைப் பிள்ளைக்கோ கையிலுள்ள செல்போன்தான் நூலகம்.

அந்த நூலகத்தில் சரக்குக்குக் குறைவில்லை. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம், 2003-இல் ஐ.ஐ.டி.கள் தொடங்கிய என்.பி.டெல் பாடங்கள், 2017-இல் வந்த ஸ்வயம், 2018-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசிய மின்னூலகம் எனப் பலவும் உள்ளன. எதை எடுப்பது, எதை விடுவது என்று மாணவனுக்குச் சொல்லவேண்டியவர் ஆசிரியர்.

அவருக்குள்ள சிக்கல்கள் சிறியவை. ஆனால் ஆளை முடக்கிவிடுபவை. இருபது ஆண்டுகளாகப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த குறிப்புகள் செல்போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. புத்தகப் பக்கங்களைப் படமெடுத்துச் செய்த பி.டி.எஃப். சின்னத் திரையில் கண்ணைக் கெடுக்கும். இ-பப் வடிவிலோ எழுத்து திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும், வேண்டிய அளவு பெரிதாகும். இவற்றை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். இளைஞர் முன் கேட்கக் கூச்சம் என்பதாலேயே பல மூத்த பேராசிரியர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான மாளவியா பயிற்சித் திட்டம் 2023 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. இந்திய மொழிகளில் உயர்கல்வி நூல்கள் எழுத 2024-இல் அஸ்மிதா திட்டமும் வந்தது. ஆயினும் சான்றிதழோடு பயிற்சி முடிந்துவிட்டால் வகுப்பறையில் மாற்றம் வராது. கேரளம் 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளி ஆசிரியர்களிலேயே சிலரைத் தேர்ந்து, அவர்களைக் கொண்டே மற்றவர்களைப் பயிற்றுவித்தது. சக ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பதில் கூச்சமில்லை அல்லவா?

நம்மிடையே கணிப்பொறித் துறையில் பணிபுரிவோர் எத்தனை பேர்! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இரண்டு நாள் ஒதுக்கி, ஒரு கல்லூரியில் நான்கு ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். திரும்பியபின் ஓராண்டு அவர்களோடு தொலைபேசித் தொடர்பில் இருங்கள். அந்த நால்வர் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். சங்கம் கல்விக்கென ஒதுக்கும் தொகையில் பாதியையாவது இதற்குச் செலவிடவேண்டும் என்பது என் கருத்து. கருவி ஐந்தாண்டில் பழசாகும். பழகிய ஆசிரியர் ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் ஒரு வகுப்பையே கரையேற்றுவார். செயற்குழு அன்பர்கள் இதைப் பரிசீலிப்பார்களாக.