கையெழுத்து மாறிப் போச்சு!

அப்பாவை ஐ.சி.யு.வில் சேர்த்த ராத்திரி நான் ரொம்ப தைரியமாக இருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் நீட்டிய ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சார்" என்றார்.

பயமா, எனக்கா? எட்டிப் பார்த்தால், கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து. செக்கில் போட்டிருந்தால் திரும்பி வந்திருக்கும். முழங்கால் நடுங்குவதும் நாக்கு ஒட்டிக்கொண்டதும் அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு முன்னாலேயே என் கைக்கு விஷயம் போயிருக்கிறது!

1884-லேயே வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் இதைச் சொல்லிவிட்டார். கரடியைப் பார்த்து பயந்து ஓடுகிறோம் என்பது தப்பாம். ஓடுகிறோம், அதனால்தான் பயப்படுகிறோம். உடம்பு பண்ணும் கலாட்டாவை மூளை உணர்வதுதான் பயம்.

கலாட்டாவை ஆரம்பிப்பது யார்? மூளைக்குள் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு மாதிரி அமிக்டலா என்று ஒன்று. பாம்பா, கயிறா என்று மூளையின் மேலடுக்கு யோசித்து முடிப்பதற்குள் இது மணி அடித்துவிடும்.

அயோவா விஞ்ஞானிகள் ஆராய்ந்த 'எஸ்.எம்.' என்ற பெண்மணிக்கு ஓர் அபூர்வ வியாதியால் இரண்டு அமிக்டலாவும் அவுட். பாம்பென்றாலே பிடிக்காது என்பவர், பிராணிகள் விற்கிற கடையில் பாம்பைக் கையில் வாங்கி மூன்று நிமிஷம் தடவிக்கொடுத்தார். அதன் நாக்கைத் தொட்டுப் பார்த்தார். வேஷக்காரர்கள் பாய்ந்து பயமுறுத்தும் பேய் பங்களாவுக்குக் கூட்டிப் போனார்கள். அம்மணி சிரித்துக்கொண்டே ஒரு பேயின் தலையைத் தொட, பயந்தது பேய்!

ஆக, பயத்தின் வீட்டு விலாசம் கிடைத்துவிட்டது என்று நினைத்தீர்களா? நானும்தான். 2013-ல் வெளியான ஆராய்ச்சியில் அதே பெண்மணியை 35 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்க வைத்தார்கள். மூச்சு முட்டி, அலறிவிட்டார். ஆபத்து வெளியிலிருந்து வராமல் உடம்புக்குள்ளிருந்தே வந்தால், அமிக்டலா இல்லாமலும் பயம் வருகிறது.

அமிக்டலா ஆராய்ச்சியில் பெரிய பெயர் ஜோசப் லெடூ. அவரே பிற்பாடு, அது வெறும் மணிதான், 'நான் பயப்படுகிறேன்' என்கிற உணர்வைக் கட்டுவது மேலடுக்குதான் என்று வாதாடினார். உடம்புச் செய்தி, பழைய ஞாபகம், எதிரே நடப்பது எல்லாம் அங்கே சேரவேண்டும். எனக்கு அன்றைக்கு எல்லாம் இருந்தது. 'பயம்' என்ற வார்த்தையை மட்டும் நர்ஸ் கொடுக்கவேண்டியிருந்தது.

பத்தாம் நாள் டிஸ்சார்ஜ். ஃபைலைப் புரட்டிய அப்பா அந்த ஃபாரத்தில் நின்றார்.

"யார்றா போட்டது இது?"

"நான்தாம்ப்பா."

ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.