மூன்று சில்லுச் சைக்கிளும் மீன் ஏலமும்



சென்ற மாதம் வங்களாவடிச் சந்தியில் என்னைக் கண்ட ஒரு சகோதரி, தன் மரக்கறிப் பையை உரிமையோடு என் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டு, "ரீச்சர், உந்த மூண்டு சில்லுச் சைக்கிள் எங்க வாங்கினனீங்கள்? அம்மாவுக்கும் ஒண்டு வேணும்" என்று கேட்டார். "இங்கிலாந்தில ஏலத்தில எடுத்தது, பிள்ளை" என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். அன்று வீதியோரத்தில் நின்றபடி அவருக்குச் சொன்னதை இம்மாதம் உங்களுக்கும் சொல்கிறேன். அவருக்கு வெட்கத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இது நான் ஏலத்தில் எடுத்த இரண்டாவது சைக்கிள். முதலாவது பின்பத்தியில் நிற்கிறது. அதன் கூடையில் கோழி முட்டையிடுகிறது.

அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்குள்ளால் காலை விட்டு ஓடப் பழகியவள் நான். 1990இல் வேலணையை விட்டு இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டில் மிஞ்சியதெல்லாம் சைக்கிள் கரியரில்தான் வந்தது. பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் சைக்கிள்தான் எனக்குக் கால்.

2021இல் ஒரு நாள் காலை, சைக்கிளில் போகும்போதே தலை சுற்றி வேலியோடு விழுந்தேன். உட்காதில் உள்ள சமநிலை பாதிக்கப்பட்டிருக்கிறது, இனி இரண்டு சில்லில் ஏற வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கனடாவில் இருக்கும் மகள், "அம்மா, ஓட்டோ பிடிச்சுப் போங்கோ, காசு நான் அனுப்புறன்" என்றாள். அனுப்பவும் செய்தாள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் சகோதரிகளே, எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்பதை ஒவ்வொரு முறையும் இன்னொருவருக்குச் சொல்லிக் காத்திருப்பது எப்படிப்பட்டது என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். செத்தவீட்டில் ஒரு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். வெளியே ஓட்டோக்காரத் தம்பி கோண் அடிப்பார். நான் எழும்ப வேண்டும். 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது அந்த ஓட்டோவும் இல்லை. சைக்கிள் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த நாட்களில்தான் மூன்று சில்லுச் சைக்கிள் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

இது புதினமான ஒன்றல்ல. நீண்ட பாவாடை அணிந்த பெண்களுக்கு ஏற்ற வண்டி என்று 1880களில் இங்கிலாந்தில் பெயர் பெற்றது மூன்று சில்லுச் சைக்கிள்தான். 1881இல் விக்ரோறியா மகாராணி, வைற் தீவில் ஒரு பெண் அதில் ஓடிப் போவதைக் கண்டு தனக்கும் இரண்டு வேண்டும் என்று கேட்டு எடுப்பித்தாராம். தீவில் இருப்பவர்களுக்குச் சைக்கிளின் அருமை தெரியும் போலும்! 1926இல் தொடங்கிய பாஷ்லி என்ற ஆங்கிலேய நிறுவனம் பெரியவர்களுக்கான இவ்வகைச் சைக்கிள்களுக்குப் பெயர் பெற்றது. எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் தேடியபோது சிறுபிள்ளைகள் ஓடுவதுதான் இருந்தது. எனவே இங்கிலாந்தில் இருக்கும் என் பெறாமகனிடம் கேட்டேன். "பெரியம்மா, ஈபேயில பழசு மலிவா வரும்" என்றான்.

ஈபே என்பது 1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் தொடங்கிய இணைய ஏலச் சந்தை. அதில் முதலில் விற்கப்பட்டது பழுதான ஒரு லேசர் விளக்கு; விலை 14.83 டொலர். பழுதானதை ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, பழுதான லேசர் விளக்குகளைச் சேர்ப்பதே தனது பொழுதுபோக்கு என்றாராம் வாங்கியவர். அவர் பழுது என்று தெரிந்து வாங்கினார். நான் தெரியாமல் வாங்கினேன்.

2023 தொடக்கத்தில் ஒரு சிவப்புச் சைக்கிள் ஏலத்துக்கு வந்தது. படத்தில் பெட்டிக்குள் இருந்து எடுத்தது போல மினுங்கியது. 120 பவுணுக்கு மேல் போவதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். கடைசி நாள் இரவு கைத்தொலைபேசியில் அவன் அங்கே, நான் இங்கே. விலை 125 ஆனது. "பெரியம்மா, இன்னும் பத்துப் போட்டா எங்கட கைக்கு வந்திடும்" என்றான். "போடு தம்பி" என்றேன். 140, 160... யாரோ முகம் தெரியாத ஒருவர் என் சைக்கிளைப் பறிக்கிறார் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. முடிவில் 186 பவுணுக்கு எடுத்தோம். வென்றுவிட்டோம் என்று அம்மாளுக்குத் தேங்காய் உடைத்தேன்.

கப்பலில் மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்ததும் சைக்கிள் கடைக்காரர் வந்து பூட்டினார். பெடல் சுற்றியது, செயின் ஓடியது, சில்லு மட்டும் அசையவில்லை. சில்லையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்கும் சிறு இரும்புத் துண்டு இருக்கும் இடம் தேய்ந்து வழுவழு என்று இருந்தது. அதைக் கடைந்து சரிசெய்யலாம் என்றால், ரயரும் வெடித்திருந்தது. அந்த அளவு ரயர் யாழ்ப்பாணத்தில் எங்கும் கிடைக்கவில்லை. "ரீச்சர், வாங்க முதல் ஒருக்கால் என்னட்டக் கேட்டிருக்கலாமே" என்றார் அவர். அன்றிரவு நித்திரை வரவில்லை. அது மகள் அனுப்பிய ஓட்டோக் காசில் மிச்சம் பிடித்தது.

அந்த இரவில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் ஊரில் இரண்டு வகை ஏலம் உண்டு. கோயில் ஏலத்தில் அம்மாளுக்குச் சாத்திய சேலையை, படைத்த மாம்பழத்தை, விலை பாராமல் கேட்போம். கூடப் போனாலும் அது கோயிலுக்குத்தானே. மீன் ஏலம் அப்படியல்ல. கூறுபவர் எவ்வளவு சத்தம் போட்டாலும், வாங்க வந்தவர் முதலில் செவுளை விரித்துப் பார்ப்பார். மனதில் ஒரு விலை வைத்திருப்பார். அதைத் தாண்டினால் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுவார். நான் மீன் ஏலத்துக்குப் போய்க் கோயில் ஏலம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்!

இரண்டாம் முறை கடைக்காரரையும் பக்கத்தில் இருத்தி, கேள்விகளை நானே தாளில் எழுதினேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால் அப்படியே தருகிறேன்.

1. ரயரின் பக்கத்தில் உள்ள இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 20 இஞ்சி என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. 20 x 1.75 என்பதன் சில்லு விட்டம் 406 மில்லிமீற்றர். 20 x 1 3/8 என்பதோ 451 மில்லிமீற்றர். ஒன்றின் ரயர் மற்றதற்கு ஏறாது. 26 இஞ்சியிலும் இதே சிக்கல் உண்டு. இங்கே எது கிடைக்கும் என்று கடையில் கேட்ட பிறகே வாங்குங்கள்.

2. பின் அச்சைக் கீழிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் பின்னுக்குள்ள இரண்டு சில்லில் ஒன்றைத்தான் செயின் இழுக்கும். அந்தச் சில்லு அச்சில் ஆடுகிறதா, பொருத்துகளில் கறள் உண்டா என்று கேளுங்கள். ஒரு பக்கத்துப் படம் மட்டும் போட்டிருந்தால் மற்றப் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் உப்புக்காற்று, இருக்கும் கறளை இருமடங்காக்கும்.

3. அகலத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். பிறகு உங்கள் படலையை அளவுங்கள்.

4. சைக்கிளின் விலையோடு ஏற்றி இறக்கும் செலவையும் கூட்டுங்கள். பெரும்பாலானவற்றை நேரில் வந்துதான் எடுக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அதனால் ஏலம் கேட்பவர் குறைவு, விலையும் குறையலாம். ஆனால் வாகனச் செலவு உண்டு. சுங்க விதிகள் மாறிக்கொண்டிருப்பவை. அனுப்பும் முகவரிடம் முதலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

5. உச்ச விலையை ஏலம் முடிவதற்கு முதல் நாளே தாளில் எழுதி வையுங்கள். ஈபேயில் 'ஒருதரம், இரண்டுதரம்' என்று கூறுவார் இல்லை. குறித்த நேரம் வந்ததும் முடிந்துவிடும். உங்கள் உச்ச விலையைப் பதிந்துவிட்டால், மற்றவர் கேட்கக் கேட்க அது சிறிது சிறிதாகக் கூட்டி உங்களுக்காகக் கேட்டுக்கொண்டு போகும். உச்சத்தைத் தாண்டினால் நின்றுவிடும். பதிந்துவிட்டு நித்திரைக்குப் போங்கள்.

6. ஏலப் பக்கத்துக்கு வெளியே காசு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். எங்கள் நாட்டு இக்மன் போன்ற விளம்பரப் பக்கங்களில் ஏலம் இல்லை. அங்கே கண்டால் நேரில் போய், ஏறி ஓடிப் பார்த்தே காசைக் கொடுங்கள்.

இப்படிப் பார்த்து இரண்டு சைக்கிளை விட்டுவிட்டோம். இரண்டும் என் தாளில் இருந்த விலையைத் தாண்டின. முதல் தடவை மனம் வலித்தது. இரண்டாம் தடவை வலிக்கவில்லை. மூன்றாவதாக வந்தது நிறம் மங்கிய ஒரு நீலச் சைக்கிள். படம் வடிவில்லை. ஆனால் விற்றவர் கேட்ட ஏழு கேள்விக்கும் பதில் எழுதி, அச்சின் படத்தையும் அனுப்பினார். தன் தாயார் ஓடியது என்றும் எழுதியிருந்தார். 92 பவுணுக்கு வந்தது. படலையை மட்டும் ஒரு சாண் அகட்ட வேண்டியிருந்தது.

ஓட்டம் பற்றியும் ஒரு சொல். இரண்டு சில்லில் கைதேர்ந்தவர்கள்தான் இதில் முதலில் தடுமாறுவார்கள். திரும்பும்போது உடம்பைச் சரித்தால் வண்டி சரியாது. வேகமாகத் திரும்பினால் உட்பக்கச் சில்லு மேலே கிளம்பும். மெதுவாக வந்து ஹாண்டிலைத் திருப்ப வேண்டும். வீதியின் ஓரச் சரிவு வண்டியை இடப்பக்கம் இழுக்கும். அதற்குப் பதறக் கூடாது. நான் பள்ளிக்கூட மைதானத்தில் பத்து நாள் பழகினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். கால்களால் மிதிக்க முடியாதவர்களுக்கு இது சரிவராது. அப்படிப்பட்டவர்கள், 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனத்தில் தங்களுக்கு ஏற்றது எது என்று முதலில் ஆலோசனை கேட்பது நல்லது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பெருங்குளம் முத்துமாரி அம்மனிடம் நானே போகிறேன். போன கிழமை ஒரு செத்தவீடு. அந்தத் தாயின் கையைப் பிடித்தபடி பொழுதுபடும் வரை இருந்தேன். வெளியே கோண் அடிக்க ஒருவரும் இல்லை. இரவு மகள் எடுத்து, "எங்கயம்மா போனனீங்கள், ரெலிபோன் அடிச்சு அடிச்சுப் பார்த்தன்" என்றாள். "வெளியில போனனான் பிள்ளை" என்றேன்.

உங்கள் வீட்டிலும் வெளியே போக முடியாமல் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவோ மாமியோ இருந்தால், அவருக்கு எது வாங்கலாம் என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். அந்தப் படத்தை முதலில் அவரிடம் காட்டுங்கள். செவுளை விரித்துப் பார்க்க அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.